கடதாசிப் பையில் போன அந்துப்பூச்சிகள்

1

இன்று என் மனைவி சரோவின் திவசம். மூன்றாவது. காலையில் முழுகிவிட்டுப் பருப்பையும் பூசணிக்காயையும் அடுப்பில் ஏற்றினேன். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு வாசலில் வந்து நின்றேன். கையில் ஈர்க்கு விளக்குமாறு. முற்றம் முழுக்கச் சருகு. மொன்றியலில் இந்த மாதத்தில் எல்லா முற்றமும் இப்படித்தான் கிடக்கும்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு, சருகு கிடந்தால் கூட்டுவதுதானே, இதில் என்ன யோசனை என்று தோன்றும். போன வருடம்வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன வருடம் கூட்டினேன். என் மகளின் இரண்டு வருடப் படிப்பு நகரசபை வண்டியில் ஏறிப் போனது. விளக்குமாற்றைக் கதவோடு சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் பூசணிக்காய் அவிந்து முடிய இன்னும் நேரம் இருக்கிறது.

2

ஊரில் நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போவேன். தக்காளி இலையில் யாரோ வெள்ளைப் பென்சிலால் கிறுக்கியதுபோல் கோடு ஓடியிருந்தால் கமக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். "இது இலைக்குள்ள இருந்து தின்னுற புழு. அந்த இலையளைப் பிடுங்கி, விழுந்த சருகையும் சேத்துக் கூட்டி எரியுங்கோ" என்பேன். நூறு தோட்டத்திலாவது சொல்லியிருப்பேன். அந்தப் பேச்சுக்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது.

இங்கே ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. இருபத்திரண்டு வருடமாகிறது. கீரைக் கட்டுகளைப் பிரித்து, கோடு விழுந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத் திருப்பிக் கட்டுவதுதான் காலை வேலை. அதே வெள்ளைக் கோடு. நாடு மாறியும் அது என்னை விடவில்லை. குளிர் காலத்தில் விரல்கள் விறைத்து, இலையைத் தொட்டேனா இல்லையா என்பது கண்ணுக்குத்தான் தெரியும். முழங்கால் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு எடுத்துவிட்டன.

மகள் ஆரணி இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. சிநேகிதர்களோடு பிரெஞ்சு, லாப்பில், அதாவது ஆய்வுகூடத்தில், ஆங்கிலம், என்னோடு தமிழ். தமிழ்தான் அவளுக்குக் கடைசி உடுப்பு, வீட்டில் மட்டும் போடுவது. என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டபோது, ஓக் மரத்து இலைக்குள் வாழும் ஒரு சின்ன அந்துப்பூச்சியைப் பற்றி என்றாள்.

"அதை என்னெண்டு கொல்லுறது எண்டோ?"

"இல்லை அப்பா. குளிருக்கு அது என்னெண்டு சாகாமத் தப்புது எண்டு."

"தக்காளிக்கு வாற அந்தப் புழுதானே? எனக்குத் தெரியும்."

"அது ஈ. இது அந்து."

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். தாய் அந்து ஓக் இலையில் முட்டை போடும். புழு பொரித்ததும் இலையின் மேல்தோலுக்குக் கீழே புகுந்துவிடும். தட்டையான உடம்பு. இலையின் சதையைத் தின்று தின்று தனக்கு ஓர் அறை செய்துகொள்ளும். வெளியில் இருந்து பார்த்தால் இலையில் வெளிறிய தேமல் மாதிரித் தெரியும். இலையுதிர் காலத்தில் இலை விழும்போது புழுவும் கூட விழும். அந்தக் காய்ந்த இலைக்குள், பனிக்குக் கீழே, வசந்தம் வரும்வரை கிடக்கும். பிறகு அரை அரிசி அளவில் ஒரு பூச்சியாக வெளியே வரும்.

"அப்ப சருகைக் கூட்டி எரிச்சால் அடுத்த வருசம் ஒண்டும் வராது" என்றேன். பழைய உத்தியோகம் நாக்கில் இருந்து போகவில்லை.

"ஓம் அப்பா. அதாலதான் ஒருத்தரும் கூட்டாத காட்டில தேடுறன்."

புலம்பெயர்ந்தவர்களின் வாழ்வும் அந்தப் புழுவின் வாழ்வும் ஒன்று என்று இந்த இடத்தில் எழுதினால் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலர்க்காரர் சந்தோசமாகப் போடுவார்கள். நான் எழுத மாட்டேன். அந்தப் புழுவிடம் யாரும் விசா கேட்டதில்லை.

3

சரோ போன பிறகு ஆரணி பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் சிநேகிதிகளோடு வாடகைக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதை விட அது அவளுக்கு நல்லது என்று நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் உறவு ஃபோனில் வரும் மெசேஜ்தான்.

என் ஃபோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஊர்ச் சங்கக் குழு, பழைய மாணவர் குழு, சொந்தக்காரர் குழு எல்லாம் உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது தாமரைப் பூவும் காலை வணக்கமும் வரும். நடுவில் ரொறன்ரோவில் யாராவது செத்திருப்பார்கள். ஒன்றையும் வாசிப்பதில்லை. ஆனால் பார்த்தேன் என்று காட்டாவிட்டால் பிறகு கதை வரும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிடுவேன். மரண அறிவித்தலுக்கும் போட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

திவசம் திதிப்படி வருவதால் திகதி வருடாவருடம் நகரும். போன வருடம் கோயில் ஐயருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். புதன்கிழமை என்றார். எங்கள் தெருவில் சருகுப் பைகளை எடுக்கும் வண்டியும் புதன்கிழமைதான் வரும். நல்ல பொருத்தம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலையால் நேரத்துக்கு வந்து முற்றத்தைக் கூட்டினேன். சரோ இருந்திருந்தால் கூட்டாத முற்றத்தில் காகத்துக்குச் சோறு வைக்க விடமாட்டாள். பக்கத்து வளவு மேப்பிள் மரத்தின் இலைகள்தான் எங்கள் முற்றத்தில் விழும். அன்று வேலியோரமாக வேறு சருகும் கிடந்தது. கபில நிறம், நீட்டு இலை, நாலு சின்னக் குவியல். எங்கள் தெருவில் ஓக் மரமே இல்லை. காற்று எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கத்தில் அரைகுறையாகக் கூட்டி இங்கே தள்ளியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு குவியலிலும் ஒரு செம்மஞ்சள் கொடி குத்தியிருந்தது. காஸ் குழாய்க்காரர் நிலத்தில் குத்துகிற கொடி மாதிரி. அவற்றைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒரு தகரப் பேணிக்குள் பத்திரமாக வைத்தேன். எவ்வளவு கவனமான மனிதன் நான் என்று பாருங்கள்.

ஏழு கடதாசிப் பை நிறைந்தது. அமத்தி மடித்துத் தெருவோரமாக வைத்தேன். முதுகு இரண்டாகப் போன மாதிரி நொந்தது. ஆனாலும் முற்றத்தில் ஈர்க்குக் கோடு கோடாகத் தெரிந்ததைப் பார்க்க மனதுக்கு ஆறுதலாக இருந்தது. சரோவே கூட்டியதுபோல் இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

4

புதன்கிழமை மத்தியானம் ஆரணி வந்தாள். படத்துக்கு முன்னால் படைத்தோம். தேவாரம் படித்தேன். அவளும் வரிகள் தெரிந்த இடத்தில் சேர்ந்துகொண்டாள். காகத்துக்கு வைக்கும் சோற்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நெடுநேரமாகியும் வரவில்லை. காகம் வரும்வரை பார்த்து நிற்கிறாளாக்கும், தாயின் மேல் இவ்வளவு பட்சமா என்று நெஞ்சு இளகிப் போய் எழுந்து போனேன்.

அவள் தட்டைப் பிடித்தபடி வேலியோரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இலையள் எங்க?"

"என்ன இலை?"

"என்ர இலையள். நாலு குவியல். கொடி குத்தி வச்சனான்."

"கூட்டிப் பையில போட்டு வெளியில வச்சிட்டன், பிள்ளை. அம்மான்ர நாளெல்லே."

"மெசேஜ் போட்டனான். நீங்கள் கட்டைவிரல் போட்டனீங்கள்."

சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஃபோனைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, நான் சந்தையில் நின்ற நேரம். ஒரு தாமரைப் பூவுக்கும் ஒரு மரண அறிவித்தலுக்கும் நடுவில் அது கிடந்தது. முற்றத்தின் படம். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ். காட்டில் இலைகளை மூடிய வலைச் சட்டங்களை அணில் கிழித்துவிட்டது, இலைகளை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன், கிழமை முடிவில் வலை போடுவேன், தொடாதேங்கோ அப்பா. அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

அவள் தட்டை மதிலில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். பைகள் வைத்த இடம் வெறுமையாக இருந்தது. வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது. நான் வீட்டுக்குள் ஓடி நகரசபைக்கு ஃபோன் எடுத்தேன். பிரெஞ்சில் ஒரு பெண் பேசினாள். மரக்கறிப் பெயர்கள் மட்டும் என் பிரெஞ்சில் சரியாக வரும். ஆங்கிலத்துக்கு மாற்றினாள்.

"பைகளை எடுக்கவில்லையா?"

"எடுத்துவிட்டார்கள்."

"அப்படியென்றால் என்ன முறைப்பாடு?"

"எடுத்ததுதான். அதற்குள் பூச்சிகள் இருந்தன."

"பூச்சித் தொல்லையா? அது வேறு பகுதி, இணைக்கிறேன்."

இணைத்தாள். அங்கே ஒருவர் பூச்சியை ஒழிக்க எப்போது ஆள் அனுப்பலாம் என்று அன்பாகக் கேட்டார். ஒழிக்க வேண்டாம், திருப்பித் தாருங்கள் என்றேன். அவர் ஒரு கோப்பு இலக்கம் தந்தார். எடுக்காமல் போனதற்கு அவர்களிடம் ஒரு படிவம் உண்டு. சரியாக எடுத்ததற்கு எந்த ஊரில் படிவம் இருக்கும்? அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

ஃபோனை வைத்துவிட்டு, திவசத்துக்குக் கட்டிய வேட்டிக்கு மேலே குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் தெருவில் இறங்கினேன். கால் விறைத்தது. அவள் அடுத்த தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

5

பக்கத்து வீட்டுக்காரர் நிக்கோ, கிரேக்க நாட்டவர். துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடத்தில் எங்களுக்குள் "போன்ஜூர்" தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. வேட்டியோடு குளிரில் ஓடும் என்னைக் கண்டு படியில் இருந்து எழும்பி வந்தார். அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போலத்தான். அதனால் நன்றாக விளங்கியது.

இலை, பை, மகள் என்று கையைக் காலைக் காட்டிச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. களவு பிடிபட்டவர்போலத் தலையைச் சொறிந்தார். என்னைத் தன் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஓர் அத்தி மரம். குளிருக்குச் சாகாமல் இருக்க அதை நிலத்தோடு வளைத்துக் கட்டி, சருகால் மூடி, மேலே தார்ப்பாய்ப் படங்கு போட்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் செய்வாராம். தெருவோரத்தில் இருந்து இரண்டு பைகளை எடுத்துக்கொள்வாராம்.

"உன்னுடைய பைதான் நல்லது. இலை காய்ந்திருக்கும், குப்பை இருக்காது" என்றார். பதினெட்டு வருடமாக என் கூட்டுதலை ஒருவர் கவனித்திருக்கிறார்.

நான் தெருவுக்கு ஓடி ஆரணியைக் கூட்டிவந்தேன். அவள் படங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே முழங்காலில் இருந்தாள். மேப்பிள் இலைகளுக்கு நடுவே கபில ஓக் இலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. இரண்டு பைச் சருகையும் அள்ளி எங்கள் குசினிக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்தோம். பதிலுக்கு நான் பின்ஒழுங்கையில் கிடந்த சருகையெல்லாம் அள்ளி நிக்கோவின் அத்திக்குப் போர்த்துவிட்டேன். அப்போது மதிலில் இருந்த தட்டைப் பார்த்தேன். சோறு இல்லை. காகமோ அணிலோ, சரோவுக்குத்தான் தெரியும்.

சுளகில் சருகைப் பரப்பி இருவரும் நிலத்தில் இருந்து பிரித்தோம். அவள் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள். எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கோடு விழுந்த இலையைத் தேடி எறிந்த கை. அன்று முதல் தடவையாக எறியாமல் எடுத்து வைத்தது. ஒரு இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினாள். தேமலுக்குள் மெல்லிய நிழலாக ஒரு புழு, சுருண்டு, அசையாமல்.

"உயிரோட இருக்கோ?"

"இருக்கும்."

அறுநூறுக்கு மேல் கொண்டுவந்தவளுக்கு நூற்றிப் பதினெட்டுத் தேறியது. நான் பேணியைக் கொண்டுவந்து கொடிகளை அவளுக்கு முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றிலும் மரத்தின் இலக்கம் அவளுடைய கையெழுத்தில் இருந்தது. அவள் அவற்றைத் தொடவில்லை.

"எது எந்த மரத்து இலை எண்டு இனித் தெரியாது, அப்பா. நாலு மரத்தையும் ஒப்பிடுறதுதான் என்ர படிப்பே."

"அப்ப?"

"அப்ப இன்னொரு வருசம்."

சிக்கிக்கொண்டால் மனிதன் பழைய கதையைத்தான் எடுப்பான். ஷெல் விழத் தொடங்கி, ஊரே மூட்டை முடிச்சோடு தெருவில் இறங்கிய காலையில், சரோ குனிந்து முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற கதையைச் சொன்னேன். "உனக்கு விசரே? ஆருக்கெண்டு கூட்டுறாய்?" என்று நான் தெருவெல்லாம் கேட்கக் கத்தினேன். அவள் நிமிரவில்லை. "கத்தாதேங்கோ. திரும்பி வரேக்க வீடு வீடு மாதிரிக் கிடக்க வேணும்" என்றாள். ஈர்க்குக் கோடு போட்ட அந்த முற்றத்தில் எங்கள் காலடிதான் கடைசியாகப் பட்டது. நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

ஆரணி இலை பிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாட்ட மன்னிப்புக் கேட்டீங்களா, கத்தினதுக்கு?"

"இல்லை."

"என்னட்டையும் இன்னும் கேக்கேல்லை" என்றாள், குனிந்து இலையைப் பார்த்தபடி.

அந்த நேரம் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஒரு சொல். நான் எழுந்து, "சோறு ஆறுது, வா சாப்பிட" என்றேன். அவள் வந்து சாப்பிட்டாள்.

6

அந்தக் குளிர் காலம் முழுக்க அவள் இரண்டு தடவைதான் வந்தாள். மெசேஜ் போடுவாள். நான் ஒவ்வொன்றையும் வாசித்தேன். வாசித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் கட்டைவிரல்தான் போட்டேன்.

மே மாதத்தில் ஒரு மாலை ஜாம் போத்தல் ஒன்றோடு வந்தாள். நூற்றிப் பதினெட்டில் பாதிக்கு மேல் பூச்சியாக வெளியே வந்துவிட்டதாம். போத்தலுக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பூதக்கண்ணாடியைத் தந்தாள். பொன் நிறச் சிறகில் குறுக்கே வெள்ளைப் பட்டிகள், ஓரத்தில் நூல்போலக் குஞ்சம். என் வாழ்நாளில் எத்தனை ஆயிரத்தை எரிக்கச் சொல்லியிருப்பேன். இது தக்காளிக்கு வருவது இல்லைத்தான். என்றாலும் ஒரு பூச்சியின் முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வடிவாத்தான் இருக்கு" என்றேன்.

"ஓம்" என்றாள். கன நாளைக்குப் பிறகு சிரித்தாள். பிறகு களைப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அவளோடு வகுப்பில் சேர்ந்தவர்கள் எல்லோரும் அந்த மாதம் பட்டம் வாங்கினார்கள்.

7

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது ஃபோன் மணியடித்தது. ஆரணியின் மெசேஜ். முழுவதையும் வாசித்தேன். மூன்று தடவை.

"அப்பா, இந்த முறை இலையள் எல்லாம் வேற இடத்தில வச்சிட்டன். முற்றத்தில என்ர ஒண்டும் இல்லை. பயப்படாமக் கூட்டுங்கோ. லாப்பில வேலை, இண்டைக்கு வரேலாது. அம்மாக்கு விளக்கு வையுங்கோ."

ஒரு கோபமும் இல்லாத மெசேஜ். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பின்கதவடிக்குப் போய் முற்றத்தைப் பார்த்தேன். முழுவதும் மேப்பிள் இலை. ஒரு ஓக் இலைகூடக் கிடையாது. வாசலில் நின்றபடியே எனக்குத் தெரியும். திரும்பி வந்து, மேசையில் ஃபோனை வைத்து, ஒரு விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தினேன். எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

"முற்றம் கூட்டேல்லை. எது உன்ர இலை, எது சும்மா இலை எண்டு எனக்குப் பிடிபடேல்லை. நீ வந்து பாத்துச் சொன்னால்தான் கூட்டுவன். போன வருசம் செய்ததுக்கு என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

அனுப்பினேன். அடுப்பை அணைத்தேன். விளக்கை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

ஒரு கட்டைவிரல்.

வாசித்துவிட்டுத்தான் போட்டாளோ தெரியாது. காகத்தின் சோற்றை மூடி வைத்துவிட்டு, கூட்டாத முற்றத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் இருக்கிறேன்.